அரைக்கால் அங்குலம்

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதி வந்த தொடர்கதை ஒன்றில் ஒரு துப்பாக்கி வந்தது. கதையில் துப்பாக்கி வருவது பெரிய சமாசாரம் அல்ல. வாரா வாரம் அத்தியாயத்தைப் பரபரப்பாக முடித்தாக வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியனுப்பினால், எழுத்தாளன் பாவம், வேறு எதைத்தான் எடுப்பான்? என் கதாநாயகன் கையில் இருந்தது '.38 ஸ்பெஷல்' என்ற ரக ரிவால்வர். அதில் தோட்டா தீர்ந்துவிட்டது. வில்லனோ படியேறி வந்துகொண்டிருக்கிறான். மேஜை இழுப்பறையைத் திறந்து பார்க்கிறான் நாயகன். உள்ளே ஒரு பெட்டி நிறைய '.357 மாக்னம்' தோட்டாக்கள்! மளமளவென்று ஆறு தோட்டாக்களைப் போட்டு உருளையை மூடினான். நானும் 'தொடரும்' போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரமே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் போலீஸ் இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "ஐயா, தங்கள் கதாநாயகன் அந்த உருளையை மூடியிருக்க முடியாது. தோட்டா உள்ளே முழுக்க இறங்காமல் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். துப்பாக்கி .357 ஆகவும் தோட்டா .38 ஆகவும் இருந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான். தாங்கள் எழுதியிருக்கிறபடி பார்த்தால் அவன் போன வாரமே செத்துவிட்டான். எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பீர்கள். அரைக்கால் அங்குலம்தான்."

அரைக்கால் அங்குலம் என்றால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். ஓர் அரிசியைப் பாதியாக ஒடித்தால் அந்த நீளம் இருக்கும். இந்த அரை அரிசிக்காக என் கதாநாயகனைக் கொல்லுவதா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த அரை அரிசி எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தேன். சுவாரசியமான கதை அது. என் தொடர்கதையைவிட நன்றாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி சங்கதி தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. ரிவால்வரின் உருளையை ஆறு குழிப் பணியாரச் சட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு தோட்டா. தோட்டா என்பது பித்தளைக் கூடு. அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு, நடுவில் வெடிமருந்து, வாயில் ஈயக்குண்டு. மருந்து எரிந்து புகையாகி விரியும்போது, குண்டு முன்னால் பறக்கிறது. அதே வேகத்தை அந்தக் குழியின் சுவர் தாங்க வேண்டும். சுவர் தாங்காவிட்டால் சுடுகிறவன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

.38, .357, .44 என்ற எண்களெல்லாம் குண்டின் குறுக்களவை அங்குலத்தில் சொல்லுபவை என்று பேர். பேர்தான். .38 ஸ்பெஷல் குண்டின் உண்மையான குறுக்களவு .357 அங்குலம்; .44 குண்டு உண்மையில் .429. பழைய காலத்தில் கூட்டின் வெளிப்புறத்தை அளந்து வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகையால் .38 ஸ்பெஷலும் .357 மாக்னமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். குண்டு ஒன்று, தடிமன் ஒன்று. ஒருவன் அரை அரிசி உயரம் கூட, அவ்வளவே.

.38 ஸ்பெஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டுவந்த தோட்டா. 158 கிரெயின் எடையுள்ள குண்டு, அதாவது நம் வீட்டு நகைக் கணக்கில் ஒன்றேகால் பவுன் இருக்கும், செகண்டுக்குச் சுமார் 850 அடி வேகத்தில் போகும். போலீஸ்காரர்களுக்கு அது போதுமென்று ஒரு தலைமுறைக் காலம் எல்லாரும் நினைத்தார்கள். 1920களில் மதுவிலக்குச் சட்டம் வந்து, கள்ளச் சாராயக் கூட்டங்கள் மோட்டார்களில் பறக்கத் தொடங்கின. மோட்டாரின் இரும்புத் தகட்டில் பட்ட .38 குண்டு சில சமயம் சப்பையாகிக் கீழே விழுந்தது. போலீஸ்காரர்கள் பலமான தோட்டா கேட்டார்கள்.

கம்பெனி என்ன செய்தது? 1930-ல், .44 துப்பாக்கிக்கென்று செய்த பெரிய உடம்பில் .38 குழிகளைத் துளைத்தது. குழி சிறிது, உடம்பு பெரிது, ஆகவே சுவர் தடிமன். அதற்கென்று அதிக வேகமுள்ள .38 தோட்டாவும் கடைக்கு வந்தது. ஆனால் இந்தப் புதுத் தோட்டா அளவில் பழைய தோட்டாவைப் போலவே இருந்தது. நாட்டில் லட்சக்கணக்கான பழைய .38 துப்பாக்கிகள் இருந்தன. தாத்தா வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்தது, அடகுக் கடையில் கிடைத்தது, உறையிலேயே துருவேறியது, எல்லாம்தான். அவை அத்தனையிலும் இந்தத் தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சடிக்கலாம். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுகிறவனுக்கு அச்செழுத்து என்ன செய்யும்?

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறவர்கள், தோட்டாவைக் கடையில் வாங்காமல் தாமே வீட்டில் கட்டிக்கொள்ளுகிற மனிதர்கள். அமெரிக்காவில் இது ஒரு பெரிய ஜாதி. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புதுக் கேப்பு பொருத்தி, தராசில் மருந்து நிறுத்துப் போட்டு, தாமே அச்சில் வார்த்த ஈயக்குண்டை மேலே அழுத்தி மூடுவார்கள். சிக்கனத்துக்காக ஆரம்பிப்பார்கள், நாளாக ஆக அதுவே பைத்தியமாகிவிடும். நம் ஊரில் காப்பிக் கொட்டையைத் தாமே வறுத்து அரைத்தால்தான் திருப்தி என்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த ரகம். பிலிப் ஷார்ப் என்பவர் அவர்களில் ஒருவர். 1937-ல் இந்தக் கலையைப் பற்றித் தலையணை போன்ற புத்தகம் போட்டவர். .38 ஸ்பெஷல் கூட்டுக்குள் இடம் நிறைய இருக்கிறது என்பதை இவர்கள் கண்டுகொண்டார்கள். கருமருந்துக் காலத்தில் அளவெடுத்த கூடு அது. புது மருந்துக்கு அதில் பாதி இடம் போதும். பழைய கூட்டிலேயே கம்பெனி கனவு காணாத வேகத்தை அவர்கள் எட்டினார்கள்.

ஷார்ப் இதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் டக்ளஸ் வெஸ்ஸனிடம் கொண்டுபோனார். வின்செஸ்டர் கம்பெனி தோட்டா செய்து கொடுத்தது. 1935-ல் .357 மாக்னம் பிறந்தது. பெயர் வைத்தவர் வெஸ்ஸன். ஷாம்பேன் மதுவை இரட்டைப் பங்கு அடைத்து விற்கும் பெரிய புட்டிக்கு 'மாக்னம்' என்று பெயர்; லத்தீனில் 'பெரியது' என்று பொருள். இங்கிலாந்தில் பெரிய வேட்டைத் துப்பாக்கிகளின் தோட்டாவுக்கு அந்தப் பெயரை முன்பே வைத்திருந்தார்கள். கைத்துப்பாக்கிக்கு வந்தது இப்போதுதான்.

இனி அந்த அரை அரிசிக்கு வருகிறேன். .357 கூட்டை அரைக்கால் அங்குலம் நீட்டினார்களே, கூடுதல் மருந்து பிடிப்பதற்காகவா? இல்லை. பழைய கூட்டிலேயே இடம் மிச்சம் என்றுதான் சொன்னேனே. பழைய துப்பாக்கியின் குழிக்குள் அது போகக் கூடாது என்பதற்காகவே நீட்டினார்கள்! இன்றையக் கணக்கில் .38 ஸ்பெஷலுக்கு அனுமதித்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357-க்கு 35,000. (உங்கள் மோட்டார் டயருக்குள் இருப்பது 30 பவுண்டு சொச்சம்.) இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் எழுப்பிய சுவர் அந்த மூன்று மில்லிமீட்டர் பித்தளை. முகம் தெரியாத ஒருவன், தாத்தாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒரு கடையில் தோட்டா வாங்கப் போகிறான். அவன் படிக்கமாட்டான், கேட்கமாட்டான், அவசரக்காரன். அவன் விரலை அந்த அரைக்கால் அங்குலம் பிடித்து நிறுத்தும். நான் படித்த யந்திரக் கதைகளில் இவ்வளவு மனிதத் தன்மையுள்ள அளவு வேறொன்று இல்லை.

சுவரில் ஓர் ஓட்டையும் இருந்தது. 1890களில் செய்த சில பழைய கோல்ட் துப்பாக்கிகளில் குழியை முன்புறம் குறுக்காமல் நேரே துளைத்திருந்தார்கள். அவற்றில் .357 தாராளமாக உள்ளே போகும். மூடவும் மூடும். அதற்கு மேல் நடப்பதை நான் வர்ணிக்க வேண்டாம்.

முதல் .357 ரிவால்வர்களை ஒவ்வொன்றாக, வாங்குகிறவர் விருப்பப்படி செய்து, பதிவு எண்ணும் சான்றிதழும் கொடுத்து விற்றார்கள். நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில் விலை 60 டாலர். முதலாவது, எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போயிற்று. ஜெனரல் பாட்டன் ஒன்று வாங்கித் தந்தப் பிடி போட்டுக்கொண்டார். விளம்பரத்தில் சொன்ன வேகம் செகண்டுக்கு 1,500 அடிக்கு மேல். அது எட்டே முக்கால் அங்குலக் குழலில் அளந்தது. இடுப்பில் கட்டுகிற நாலங்குலக் குழலில் இன்றைய தோட்டா 1,200 சொச்சம்தான் போகும். விளம்பரம் என்றால் அப்படித்தான்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மனிதர் மட்டும் "போதாது, போதாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் எல்மர் கீத். 1899-ல் பிறந்தவர், ஐடஹோ மாகாணத்து மலைக்காட்டில் மாடு மேய்த்தும், வேட்டைக்கு வழிகாட்டியும் பிழைத்தவர். சிறு வயதில் ஒரு ஹோட்டல் தீ விபத்தில் வெந்து, இடது கை முடமாகி, நெடுநாள் அவஸ்தைப்பட்டுப் பிழைத்தெழுந்தவர். ஆள் குள்ளம்; தலையில் எப்போதும் பிரம்மாண்டமான தொப்பி; வாயில் சுருட்டு. துப்பாக்கிப் பத்திரிகைகளில் எழுதி எழுதியே ஒரு காரியத்தைச் சாதித்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தொழில் பாசம்.

1925-ஆம் வருஷம் ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். விடியற்காலையில் கொண்டாட்டமாக வானத்தை நோக்கிச் சுட்டார் கீத். கையில் பழைய .45 கோல்ட்; தோட்டா அவரே கட்டியது. துப்பாக்கி வெடித்தது. உருளையின் மேற்பாதி காணோம், மேலே இருந்த இரும்புப் பட்டை காணோம். கை தப்பியது தெய்வாதீனம்.

வேறொருவராக இருந்தால் அன்றோடு தோட்டா கட்டுவதை விட்டிருப்பார். கீத் உடைந்த துண்டுகளைப் பார்த்து யோசித்தார். அதே அளவு உருளையில் .45 குழி பெரிது, சுவர் மெலிவு. பணியாரச் சட்டியில் குழியைப் பெரிதாக்கினால் நடுவே இருக்கிற இரும்பு குறையத்தானே செய்யும்? .44 ஸ்பெஷல் என்று 1907-ல் வந்த ஒரு தோட்டா இருந்தது. குழி சற்றே சிறிது. சுவர் சற்றே தடிமன். அன்றிலிருந்து அவர் .44 கட்சி. அதற்கென்று ஒரு குண்டு அச்சு வடிவமைத்தார். அந்த அச்சில் இன்றும் மனிதர்கள் ஈயம் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடையில் கிடைத்த .44 ஸ்பெஷல் குண்டு செகண்டுக்கு 755 அடி சோம்பல் நடை நடந்தபோது, கீத் வீட்டில் கட்டிய தோட்டாவில் அது 1,200 அடி ஓடியது.

இதையே கம்பெனிகள் செய்து விற்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. முப்பது வருஷம் எழுதினார். முப்பது வருஷமும் கம்பெனிகள் ஒரே பதிலைச் சொல்லின: பழைய .44 துப்பாக்கிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன, அவை வெடித்தால் யார் பொறுப்பு? கீத்துக்குக் கோபம் வரும். வாஸ்தவத்தில் இரண்டு தரப்பும் நியாயம்தான். கீத்துக்குத் தம் துப்பாக்கி தெரியும். அதன் சுவர் தெரியும். போட்ட மருந்தின் எடை தெரியும். கம்பெனிக்குத் தன் வாடிக்கைக்காரனைத் தெரியாது. வீட்டில் சமைப்பவளுக்கும் ஹோட்டல்காரனுக்கும் உள்ள வித்தியாசம் இது. வீட்டில், யாருக்கு எவ்வளவு காரம் தாங்கும் என்று தெரியும். அதிலும், காரம் அதிகமாகித் தம் கையிலேயே ஒரு முறை சட்டி வெடித்ததைக் கீத் கடைசிவரை ஒளிக்கவில்லை. தாமே பத்திரிகையில் எழுதிவைத்தார்.

1950களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தலைவராக இருந்த கார்ல் ஹெல்ஸ்ட்ராமும், தோட்டா செய்யும் ரெமிங்டன் கம்பெனியும் கடைசியாக இசைந்தார்கள். விடை என்ன தெரியுமா? அதே பழைய விடை. .44 ஸ்பெஷல் கூட்டை அரைக்கால் அங்குலம் நீட்டினார்கள். 1955 டிசம்பர் கடைசியில் .44 மாக்னம் ரிவால்வர் தயாராயிற்று. புது வருஷம் பிறந்ததும் உலகத்துக்கு அறிவித்தார்கள். கீத் கேட்டது 1,200 அடி வேகம். ரெமிங்டன்காரர்கள் கொடுத்தது 1,400-க்கும் மேல். இரண்டு பவுனுக்குச் சற்றே குறைந்த குண்டு. பழைய .44 ஸ்பெஷலோடு ஒப்பிட்டால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு; வேகம் இரட்டித்தால் பலம் நான்கு மடங்கு ஆகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வரம் கேட்டவனுக்கு வரம் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்துவிட்டது.

சந்தைக்குப் போட்டியாக ரூகர் கம்பெனியும் அதே 1956-ல் ஒரு .44 மாக்னம் கொண்டுவந்தது. பழைய உலோகக் குப்பையில் இந்தப் புதுக் கூடு ஒன்று அகப்பட்டதாகவும், அதைப் பார்த்தே ரூகர் ரகசியத்தை ஊகித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை நன்றாயிருப்பதால் எனக்குச் சந்தேகம்.

.44 மாக்னத்தின் உதை பிரசித்தம். மூன்று ராத்தல் இரும்பு அந்த உதையைப் பாதி வாங்கிக்கொண்டும், மீதி மணிக்கட்டுக்கு வரும். துப்பாக்கிக் கடைகளில் ஒரு வேடிக்கை சொல்லுவார்கள்: ".44 மாக்னம் விற்பனைக்கு. கூடவே ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்று. அதில் 44 மிச்சம்." வாங்கியவர் ஒரு உருளை சுட்டுப் பார்த்தார், போதும் என்று வைத்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் .41 மாக்னம் என்று ஒன்றை 1964-ல் கொண்டுவந்தார்கள். அதற்கும் கீத் ஒரு காரணம். போலீஸ்காரர்களுக்கு என்று செய்தார்கள், போலீஸ்காரர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நடுப்பிள்ளையின் தலையெழுத்து. இன்றும் அதற்கு ஒரு சிறு பக்தர் கூட்டம் இருக்கிறது. 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் .44 மாக்னத்தை நீட்டியதும், அதுவரை தேங்கிக் கிடந்த துப்பாக்கிக்கு ஏகக் கிராக்கி வந்துவிட்டது. முப்பது வருஷம் எழுதி எழுதிக் கீத் சேர்த்த வாசகர்களை ஒரு சினிமா ஒரே மாதத்தில் சேர்த்துவிட்டது. எழுதுகிறவனுக்கு வயிறு எரியாதா?

எது உசத்தி என்று கேட்டால், கரடி உலவும் காட்டில் இருப்பவன் .44 என்பான். என் அபிப்பிராயம், மாக்னங்களுக்குள் கெட்டிக்காரப் பிள்ளை .357-தான். அதன் துப்பாக்கியில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம்; விலை குறைவு, உதை குறைவு. நீளமானது குட்டைக் குழிக்குள் போகாது. குட்டையானது நீளக் குழிக்குள் போகும். ஒரு வழிக் கதவு. குட்டைத் தோட்டாவையே சுட்டுக்கொண்டிருந்தால் குழியின் முன்பகுதியில் கரி வளையமாகப் படியும். தேய்த்துக் கழுவினால் போகும்.

ஆனால் இந்த ஒரு வழிக் கதவுக்கு ஒரு கெட்ட நாளும் வந்தது. 1970 ஏப்ரலில் ஓர் இரவு, கலிபோர்னியாவில் நியூஹால் என்ற இடத்தில், நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்கள் நால்வர் சில நிமிஷ நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நால்வரும் இளைஞர்கள். விசாரணையில் பல குறைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று: இடுப்பில் .357 மாக்னம் போட்டுக்கொண்டு போனவர்கள், பயிற்சித் திடலில் சுட்டுப் பழகியது சாதுவான .38 ஸ்பெஷலில். துப்பாக்கி ஒன்று, உதை வேறு, சத்தம் வேறு, வாயில் எழும் தீ வேறு. அன்று இரவு அவர்கள் கையில் இருந்தது அவர்களுக்கு அறிமுகமாகாத துப்பாக்கி. பழகும் தோட்டாவும் கட்டிக்கொண்டு போகும் தோட்டாவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு பல போலீஸ் இலாகாக்களில் விதியாயிற்று. யாரோ ஒரு முகம் தெரியாதவனைக் காப்பாற்றச் செய்த அளவு அது. பட்ஜெட்டுக்குச் சௌகரியமாக அமைந்தபோது, அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

கீத் 1984-ல் காலமானார். தாம் ஒரு முறை அறுநூறு கஜ தூரத்தில் .44 மாக்னத்தால் ஒரு மானைச் சுட்டதாகச் சொல்லி, நம்பாதவர்களோடு ஆயுள் முழுதும் மல்லுக்கட்டினார். அவருக்குப் பிறகும் கூடுகள் நீண்டுகொண்டேதான் இருக்கின்றன. பழைய .45 கோல்ட் கூட்டை நீட்டி .454 கஸல், அதையும் நீட்டி 2005-ல் .460, இந்தக் கடைசித் துப்பாக்கியில் மூன்றையும் போடலாம், குட்டையான துப்பாக்கியில் நீளமானது போகாது. 2003-ல் வந்த .500 மாக்னம் எல்லாவற்றுக்கும் அப்பன். ஆனால் வீட்டில் தோட்டா கட்டுகிறவர்களில் அனேகர், .44 மாக்னம் கூட்டில் மருந்தைக் குறைத்துப் போட்டு, கீத் முதலில் கேட்டாரே, அந்த 1,200 அடிப் பக்கமாகவே இறங்கி வந்துவிட்டார்கள்.

என் தொடர்கதை புத்தகமாக வந்தபோது, துப்பாக்கியை .357 ஆக்கி, மேஜை இழுப்பறையில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களை வைத்தேன். ஒரு பிரதியை மரியாதையாக அந்தப் பெரியவருக்கு அனுப்பினேன். பதில் வந்தது. "மிக்க மகிழ்ச்சி. பையன் பிழைத்துவிட்டான். ஆனால் அடுத்த பக்கத்தில் அவன் ரிவால்வரின் பூட்டை விரலால் தள்ளி விடுவிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ரிவால்வரில் அப்படி ஒரு பூட்டே கிடையாது."

இரண்டாம் பதிப்பு இன்னும் வரவில்லை.